மூன்று ஸ்குரூ தாங்காதா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் கணவருக்கு 46 வயது, எடை 60 கிலோ. மழையில் சரிவில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து, மூன்று ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். ஆறு வாரமாவது காலில் பாரம் கொடுக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு ஆச்சியும் இடுப்பு ஒடிந்துதான் ஆபரேஷன் செய்தார். கம்பி வைத்து மூன்றாம் நாளே நடக்க விட்டார்கள். இவருக்குப் போட்டது மட்டமான ஸ்குரூவா?

பதில்: இல்லை. தொடை எலும்பின் உச்சியில், இடுப்புக் குழிக்குள் உருளும் பந்து இருக்கிறது; அதற்குக் கீழே ஒடுங்கிய பகுதிதான் கழுத்து. ஆச்சிக்கு ஒடிந்தது கழுத்துக்குக் கீழேயாக இருக்கும். அங்கே ரத்த ஓட்டம் நன்றாக உண்டு. எலும்பின் உள்குழாயில் இறக்கிய தடித்த கம்பியே பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். கழுத்து முறிவில் அப்படியல்ல. ஸ்குரூ இரண்டு துண்டுகளையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். பாரம் சுமப்பது எலும்புதான்.

இந்த ஸ்குரூக்கள் பெரும்பாலும் 6.5 அல்லது 7.3 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் துளை. முனையில் மட்டும்தான் மரை. அந்த மரை முழுதும் முறிவுக் கோட்டைத் தாண்டிப் பந்துக்குள் போயிருக்க வேண்டும். கோட்டின் மேலேயே நின்றால் இறுக்கம் கிடைக்காது. கீழ் ஸ்குரூ கழுத்தின் அடிப்பக்கக் கெட்டி எலும்பை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். நடுவில் பஞ்சு எலும்பில் மிதந்தால், முருங்கைக் கட்டையில் அறைந்த ஆணிதான். அசைய அசையக் குழி பெரிதாகும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முறிவுக் கோடு எவ்வளவு செங்குத்து? 50 டிகிரிக்கு மேலென்றால் ஒவ்வொரு அடியிலும் துண்டு கீழே வழுகப் பார்க்கும். அவர் 12 வாரம் என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் காலில் நின்றால் இடுப்பு மூட்டில் விழுவது 60 கிலோ அல்ல, ஏறத்தாழ 150 கிலோ. உடல் சாயாமல் பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதால் வரும் கூடுதல் அது. ஸ்குரூ ஒரே அடியில் ஒடிவது அபூர்வம். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடியுமே, அப்படித்தான் களைத்து ஒடியும். அதற்குள் எலும்பு கூடிவிட வேண்டும்.

வாக்கரில் நடக்கும்போது காலை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அதற்கும் தசை இழுக்கும், மூட்டில் பாரம் ஏறும். பாதத்தைத் தரையில் சும்மா தொட வைத்தால் போதும். படுக்கையில் பெட்பேனுக்காக இடுப்பைத் தூக்குவதும் லேசான வேலை இல்லை, ஆள் பிடித்துத் தூக்குங்கள். பீடி கூடவே கூடாது. எண்ணெய் போட்டுத் தடவுவது நம் ஜில்லாவில் வழக்கம்தான். இந்த இடுப்பில் யாரும் கை வைக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயில் ஸ்குரூவின் தலை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தால் பயப்படாதீர்கள். முறிவு அமுங்கும்போது அது பின்னால் நகரத்தான் செய்யும். முனை மூட்டுக்குள் எட்டிப்பார்த்தாலோ, கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ, கவட்டு வலி கூடினாலோ அன்றைக்கே காட்டுங்கள். மரத்தடியில் குத்தவைத்து வெட்டும் வேலைக்கு, எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்து மருத்துவர் சம்மதித்த பிறகே போகலாம். முறிவில் ரத்தக்குழாய் அறுந்திருந்தால் பந்து மெல்லச் செத்துப்போவதும் உண்டு. அது தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை கவட்டில் புதிதாக வலி வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.