சிறையில் இருந்துகொண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எம்.பி. ஆன முதல் ஐரிஷ்காரர் பாபி சாண்ட்ஸ்தானே?

இல்லைங்க. 1981ல் சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபடி எம்.பி. ஆகி, அதிலேயே இறந்ததைப் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1869லேயே ஒடோனவன் ரோசா சிறையில் இருந்தபடி டிப்பரரி தொகுதியில் ஜெயித்தார். தண்டனைக் கைதி என்று அதைச் செல்லாததாக்கினார்கள். 1917ல் ஜோ மக்கின்னஸும் அப்படியே ஜெயித்தார். "உள்ளே அனுப்புங்கள், வெளியே வரட்டும்" என்பதுதான் அவருக்கான பிரசாரமே. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, சிறையிலிருந்தே இரண்டு தடவை ஜெயித்த டாம் மிட்செலுக்காக.

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக வடக்கு அயர்லாந்தில் ஓமா என்ற ஊரில் நான்கு வருடம் இருந்தோம். (அதே தீவில் டப்ளின் வேறு நாடு, ஓமா பிரிட்டன்.) காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் 2017 தேர்தலில் எனக்கும் அங்கே ஓட்டு இருந்தது. போட்டுவிட்டு வந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, "எண்ணினால் சரி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டு, டீ போட்டு, ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். மஞ்சளாகி மடிப்பில் கிழிந்த, மிட்செலின் தேர்தல் நோட்டீஸ் ஒன்று. அவர் அப்பா எடுத்து வைத்தது.

மிட்செல் டப்ளின்காரர், கொத்தனார். 1954 அக்டோபரில் இதே ஓமா ராணுவ முகாமில் துப்பாக்கிகளை அள்ள வந்த, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவில் ஒருவர். திட்டம் சொதப்பியது, மாட்டிக்கொண்டார், பத்து வருடத் தண்டனை. அடுத்த மே மாதம், ஐ.ஆர்.ஏ.வுக்கு நெருக்கமான ஷின் ஃபேன் கட்சி அவரையே மிட் அல்ஸ்டரில் நிறுத்தியது. ஓமாவும் அந்தத் தொகுதிக்குள்தான். 260 ஓட்டில் ஜெயித்தார்! 1870ஆம் வருடச் சட்டப்படி தண்டனைக் கைதி உறுப்பினராக முடியாது என்று இடத்தைக் காலியாக்கினார்கள். ஆகஸ்டில் இடைத்தேர்தல். மறுபடி அவரே, இப்போது 806 ஓட்டு வித்தியாசம். இந்தத் தடவை தோற்றுப்போன சார்லஸ் பீட்டியையே எம்.பி. என்று நீதிமன்றம் அறிவித்தது. கொஞ்ச நாளில் பீட்டி அரசு தீர்ப்பாயங்களில் ஊதியப் பதவி வகித்தவர் என்று தெரிந்து அவர் பதவியும் போனது. பெரியவர் இந்த இடத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

1956 மே, மூன்றாவது தேர்தல். பழைய எம்.பி. மைக்கேல் ஓநீல், ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் தேசியவாதிகள் தரப்பில் தனியாக இறங்கி 6,421 ஓட்டைப் பிரித்தார். மிட்செலுக்கு 24,124. பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற தரப்பின் ஜார்ஜ் ஃபாரஸ்ட் 28,605 வாங்கி ஜெயித்துவிட்டார். ஓநீல், மிட்செல் இருவர் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள், ஃபாரஸ்டைவிட அதிகம். பெரியவரின் சித்தப்பா ஓநீலுக்குப் போட்டவராம். மூன்று கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் படி ஏறவில்லை.

உடனே கமென்டில் "தீவிரவாதிக்கு வக்காலத்தா?" என்று யாராவது வருவீர்கள். 1998ல் குண்டு வெடித்து 29 பேர் செத்த ஊர் அது. அந்தக் கடைத்தெருவில்தான் நாங்கள் காய்கறி வாங்கினோம். துப்பாக்கிக்கு நான் கொடி பிடிக்கவில்லை. இரண்டு தடவை ஜனங்கள் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தும் கணக்கில் வராமல் போனதைத்தான் சொல்கிறேன். லண்டன் நாடாளுமன்றத்தில் உட்காரக் கூடாது என்பது ஷின் ஃபேன் கொள்கை, விட்டிருந்தாலும் மிட்செல் போயிருக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், அதையும் யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

பாபி சாண்ட்ஸ் எப்படி நிற்க முடிந்தது என்றால், 1967 சட்டத் திருத்தத்தில் அந்தப் பழைய தடை விழுந்துவிட்டது. அவர் ஜெயித்துச் செத்தபிறகு அவசரமாக வேறு தடை போட்டார்கள்.

மிட்செல் பிறகும் நின்றார், கிடைக்கவில்லை. ஃபாரஸ்ட் இறந்து 1969ல் இடைத்தேர்தல் வந்தபோது 21 வயது பெர்னடெட் டெவ்லின் ஜெயித்து நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனார். பெரியவரின் அப்பா அவருக்கும் ஓட்டுப் போட்டாராம். டெவ்லினின் நோட்டீஸ் எங்கே என்று கேட்டேன். "அதை வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எண்ணிவிட்டார்களே" என்றார்.