விலை காதுக்குக் கேட்குமா?

உயர்விலை ஹெட்ஃபோன்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்

கேள்வி: என்னிடம் சென்ஹைசர் எச்டி 650 இருக்கிறது. எச்டி 800 எஸ் அல்லது ஃபோக்கல் யுடோப்பியாவுக்கு மாறலாமா என்று யோசனை. பெரும்பாலும் பழைய திரைப்பாடல்களும் கச்சேரிகளும்தான் கேட்பேன். கொடுக்கும் காசுக்கு வித்தியாசம் தெரியுமா? – மதுரை வாசகர்

பதில்: வித்தியாசம் தெரியும். கொடுக்கும் காசுக்குத் தெரியுமா என்றால், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன், இயர்ஃபோன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017-இல் கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. பேஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு, குரல் எவ்வளவு, ட்ரெபிள் (உச்ச ஒலி) எவ்வளவு என்ற கலவைதான் காதில் முதலில் படுவது. அந்தக் கலவை விலையைப் பார்த்து அமைவதில்லை. கூடுதல் காசுக்குக் கிடைப்பவை வேறு: குறைந்த ஒலிச் சிதைவு, இடமும் வலமும் துல்லியமாகப் பொருந்திய டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் பாகங்கள்), நல்ல பொருள்கள், சில மாடல்களில் தலைக்கு வெளியே விரியும் ஒலி.

உங்கள் எச்டி 650 வந்தது 2003-இல். குரல் இருக்கும் நடுப்பகுதியை இவ்வளவு இயல்பாகத் தரும் ஹெட்ஃபோன்கள் எந்த விலையிலும் குறைவு. அதன் குறை அடியில். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துவிடும். எச்டி 800-இன் (2009) பெருமை அதன் 56 மில்லிமீட்டர் வளைய டிரைவர். காதிலிருந்து தள்ளி, சாய்வாக உட்கார்ந்திருப்பதால் ஒலி முன்னும் பக்கமும் அகலமாக விரியும். கூடவே 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடும் வந்தது. ஜால்ராவும் வயலின் வில்லும் காதைக் கீறும். அதை அடக்க ஓர் உறிஞ்சியைப் பொருத்தி 2016-இல் வந்ததுதான் எச்டி 800 எஸ். அதே ஆண்டு 3,999 டாலருக்கு வந்த யுடோப்பியாவில் இருப்பது பெரிலியம் டயாபிரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் படலம்). லேசானது, விறைப்பானது. மிருதங்கத்தில் விரல் விழுந்து எழும் கணம் அதில் பளிச்சென்று பிரிந்து கேட்கும். ஆனால் எடை 490 கிராம். உங்களுடையது 260.

பழைய திரைப்பாடல் என்றால் பெரும்பாலும் மோனோ, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி. மோனோப் பதிவு எந்த ஹெட்ஃபோனிலும் தலையின் நடுவில்தான் நிற்கும். எச்டி 800 எஸ்-இன் அகலம் அதற்கு உதவாது. குரல் கொஞ்சம் மெலிந்து, நாடாவின் இரைச்சல் முன்னுக்கு வரும். பெரிய வாத்தியக் குழுக்களை நல்ல ஸ்டீரியோப் பதிவில் கேட்பவருக்கு அது அற்புதமான கருவி. உங்கள் பட்டியலுக்கு மாற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடியில் உள்ள அந்தப் பேஸ் குறையைச் சரிசெய்யச் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஒலியை மொத்தமாக உயர்த்தும் வடிகட்டி), உயர்வு 5 டெசிபெல், க்யூ (சரிவின் கூர்மை) 0.7. முன்பெருக்கத்தை (மொத்த ஒலி அளவு) மறக்காமல் மைனஸ் 5.5 டெசிபெலுக்கு இறக்குங்கள். இறக்காவிட்டால் உரத்த இடங்களில் சிக்னல் மேலே முட்டி கரகரக்கும். பலர் அதை ஹெட்ஃபோனின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த உயர்வோடு ஒலியை மிக அதிகமாக வைத்தால் பேஸில் சிதைவு ஏறும். அது இந்த டிரைவரின் எல்லை. 20 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக, சிதைவில்லாமல் பேஸ் வேண்டுமென்றால்தான் ஆடீஸி, ஹைஃபைமேன் போன்ற நிறுவனங்களின் பிளானர் வகைக்கு (காந்தங்களுக்கிடையே தட்டையான படலம் முழுதும் அதிர்வது) காசு போடுவதில் பொருள் உண்டு.

கேள்வி: கடையில் மூன்று ஹெட்ஃபோன்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். வாங்கி வந்தது வீட்டில் அப்படிக் கேட்கவில்லை. ஒப்பிடுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? – கோவை வாசகி

பதில்: கடையில் ஜெயித்தது அநேகமாகச் சத்தம்தான். ஒரே ஒலியை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தால் காதுக்கு அது ‘சத்தம் கூடியது’ என்று படாது. ‘தெளிவு கூடியது’ என்று படும். சத்தம் ஏறினால் பேஸும் நிறைந்து கேட்கும். காதின் இந்தக் குணத்தை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடுகளாக வரைந்துவிட்டார்கள். மூன்று ஹெட்ஃபோன்களுக்கும் மூன்று உணர்திறன் (ஒரே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழும் என்பது). ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒலிக் குமிழைத் தொடாமல் மாற்றி மாட்டினால், அதிக உணர்திறன் உள்ளதே ‘நல்லது’ ஆகிவிடும்.

சத்தத்தைச் சமன் செய்ய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பழைய சிடி, ஒரு மலிவான காலர் மைக், ஒட்டும் பசைக் களிமண் போதும். சிடியின் நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். அதில் மைக்கின் முனையை நுழைத்து, சுற்றிலும் களிமண்ணால் இடைவெளியில்லாமல் அடையுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு கிண்ணத்தை அதன் மேல், மைக் நடுவில் வரும்படி கவிழ்த்து வையுங்கள். 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள பிங்க் நாய்ஸை (‘ஸ்ஸ்’ என்ற சோதனை இரைச்சல்) ஓட்டி, மைக்கை இணைத்த போனின் ஒலி அளவு ஆப்பில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹெட்ஃபோனுக்கு ஒலியைக் கூட்டியோ குறைத்தோ அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அரை டெசிபெலுக்குள் வந்தால் போதும். எண் சரியான எண்ணா என்பது முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒரே எண்ணா என்பதுதான் முக்கியம். 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியை வைத்துச் சமன் செய்யாதீர்கள். ஒரு ஹெட்ஃபோனுக்கு அந்த இடத்தில் சின்னப் பள்ளம் இருந்தால் மொத்தக் கணக்கும் தப்பும்.

பிறகு கேட்பது. முழுப் பாட்டு வேண்டாம், 20 விநாடித் துண்டுகள் போதும். எங்கள் பரிந்துரை நான்கு: தனித்த பெண் குரல்; தம்புராவின் ரீங்காரம்; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம்; நாகஸ்வரம் உச்சத்தில் நிற்கும் ஓர் இடம். தம்புரா மிக நல்ல சோதனை. ஜீவாளி நூல் எழுப்பும் மேற்சுரங்கள் ஒரே சீராகப் பொழிய வேண்டும். ட்ரெபிளில் மேடு பள்ளம் இருந்தால் அந்த ரீங்காரத்தில் ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு சீறும். நாகஸ்வரம் 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தின் கூச்சலைக் காட்டிக்கொடுக்கும்.

மாட்டியவுடன் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டு நிமிடத்தில் காது ஒலியின் எந்த நிறத்துக்கும் பழகிவிடும், அதனால் முதல் 20 விநாடியையும் நம்பாமல், பத்தாவது நிமிடத்தையும் நம்பாமல், துண்டுகளை மாற்றி மாற்றியே கேளுங்கள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்து ஒரு மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருங்கள். உச்சந்தலை வலிப்பதும் காது வேர்ப்பதும் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: ‘300 ஓம் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும், 20 ஓம் என்றால் போனே போதும்’ என்கிறார்கள். சரியா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: பாதி சரி. ஓமை (மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை) மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று ஹெட்ஃபோன்களை வைத்துக் கணக்குப் போடுவோம். இசையின் உச்சக் கணங்களுக்கு 110 டெசிபெல் எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி அதைவிட மிகக் கீழே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெலில் வாரம் 40 மணி நேரம்.

எச்டி 650: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல். இன்னும் 7 டெசிபெல் வேண்டும், ஆக 2.24 வோல்ட், வெறும் 17 மில்லிவாட். ஆடீஸி எல்சிடி-எக்ஸ்: 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபெல். 5 மில்லிவாட், அதாவது 0.32 வோல்ட் போதும். ஹைஃபைமேன் சுஸ்வாரா: 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல்தான். 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 90 மில்லிஆம்பியருக்கு மேல் மின்னோட்டம். 60 ஓம் சுஸ்வாரா 300 ஓம் எச்டி 650-ஐவிட முப்பது மடங்கு பசிக்காரன்.

ஸ்பெக் தாளில் உள்ள பொறியையும் கவனியுங்கள். சிலர் 1 வோல்ட்டுக்குச் சொல்வார்கள், சிலர் 1 மில்லிவாட்டுக்கு. 300 ஓமில் இரண்டுக்கும் 5 டெசிபெல் வித்தியாசம், 32 ஓமில் 15. அலகைப் பார்க்காமல் எண்களை ஒப்பிட்டால் கதை தலைகீழாகும்.

சுமார் 1 வோல்ட் தரும் சாதாரண யுஎஸ்பி-சி டாங்கிள் (போனில் செருகும் சிறு மாற்றி) எல்சிடி-எக்ஸுக்குத் தாராளம். எச்டி 650-க்கு மிதமான சத்தத்தில் போதும், குறைந்த ஒலியில் பதிவான கச்சேரியில் பற்றாது. சுஸ்வாராவுக்குப் பேச்சே இல்லை. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை (உயர் மின்னழுத்தத்தால் படலத்தை அசைப்பது) தனிச் சாதி. அதன் இன்றைய மாடல்களுக்கு 580 வோல்ட் பயாஸ் (படலத்துக்கு எப்போதும் வேண்டிய மின்னழுத்தம்) தரும் தனி ஆம்ப் வேண்டும். எந்தச் சாதாரண ஆம்பிலும் மாட்ட முடியாது.

ஆம்ப் வாங்கும்போது வாட்டுக்கு அடுத்து பார்க்க வேண்டியது வெளியீட்டு மின்மறுப்பு (ஆம்புக்கு உள்ளேயே இருக்கும் ஓம்). ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நல்லது. காரணம் இது: எச்டி 650-இன் 300 ஓம் ஒரே அளவாக இருப்பதில்லை, 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓம் அளவுக்கு ஏறும். 120 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு உள்ள வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் அந்த மேட்டுக்கு மட்டும் சுமார் 1 டெசிபெல் கூடுதலாகப் போகும். ‘வால்வின் கதகதப்பு’ என்று புகழப்படுவதில் ஒரு பங்கு இந்த வகுத்தல் கணக்குத்தான். பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் அதே 1 டெசிபெலை ஈக்வலைசர் சும்மா தரும்.

இன்னொரு பக்கம், எல்சிடி-எக்ஸ் போன்றவற்றைப் பெரிய ஆம்பில் ஹை கெயினில் (அதிகப் பெருக்கம்) மாட்டாதீர்கள். குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. அந்த இடத்தில் பல குமிழ்களில் இடமும் வலமும் சமமாக இருக்காது, பின்னணி இரைச்சலும் கேட்கும். லோ கெயினுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வெள்ளிக் கேபிள், பேலன்ஸ்டு கேபிள் போட்டால் ஒலி மாறுமா? – திருச்சி வாசகர்

பதில்: கேபிளின் மின்தடை அரை ஓம் கூடினால் 20 ஓம் ஹெட்ஃபோனில் சத்தம் 0.2 டெசிபெல் குறையும். 300 ஓமில் 0.015-கூட வராது. அவ்வளவுதான். பேலன்ஸ்டு வெளியீடு (ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர், எதிர் என இரண்டு சிக்னல் தரும் இணைப்பு) பல ஆம்ப்களில் இரட்டை வோல்ட் தருகிறது, அதாவது 6 டெசிபெல் கூடுதல் சத்தம். உங்கள் ஹெட்ஃபோனுக்கு வோல்ட் பற்றவில்லை என்றால் பயன். மற்றபடி மேலே சொன்ன ‘சத்தம் ஜெயிக்கும்’ விளையாட்டு இங்கேயும் நடக்கிறது. பழைய கேபிள் விறைத்துப்போனாலோ உரசும் சத்தம் காதுக்கு ஏறினாலோ மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டால் பேஸ் குறைகிறதே? பேட்களும் வேர்வையில் கெட்டுப்போகின்றன. – சென்னை வாசகி

பதில்: கண்ணாடிக் கம்பி பேடை (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) தூக்கி இடுக்கு உண்டாக்குகிறது, அந்த இடுக்கு வழியே பேஸ் கசிகிறது. மூடிய வகையிலும் (கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்தது) முன்புறம் அடைத்த பிளானர்களிலும் இழப்பு அதிகம், எச்டி 600, 650 போன்ற திறந்த வகையில் குறைவு. மெல்லிய கம்பிச் சட்டமும் மென்மையான பேடும் உதவும். சோதிக்க, 30 ஹெர்ட்ஸ் சுருதியை ஓடவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குத் தோல் பேடைவிட வெல்வெட் பேட் நிம்மதி. ஆனால் தோலிலிருந்து வெல்வெட்டுக்கு மாறினால் ஒலியும் மாறும், பேஸ் குறையும். அந்த மாடலுக்கென்றே வந்த பேடையே வாங்குங்கள். அமுங்கிப்போன பேட் டிரைவரைக் காதுக்கு அருகே கொண்டுவந்து குரலின் நிறத்தையே மாற்றும். எச்டி 650 பேடை மாற்ற ஸ்க்ரூ தேவையில்லை: ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கழலும், புதியதன் வளையத்தைச் சுற்றிலும் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். புது ஹெட்ஃபோன் வாங்கும் முன் இந்தச் சின்னச் செலவைச் செய்துபாருங்கள்.

கேள்வி: ஃபேன் ஓடும் அறையில் திறந்த வகை ஹெட்ஃபோன் வாங்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வரும். மென்மையான இடங்களெல்லாம் அதில் அமுங்கும், நீங்களும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். ஃபேனை நிறுத்த முடியாத வீடென்றால் மூடிய வகையையோ இயர்ஃபோனையோ வாங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஓர் எச்டி 600 வாங்கினேன். இடப்பக்கம் பேஸ் வரும்போது மட்டும் ‘ஸ்ஸ்ர்’ என்று அதிர்கிறது. டிரைவர் போய்விட்டதா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: சில நேரம் அது வெறும் தலைமுடி. டயாபிரத்தில் ஒரு முடி தொட்டுக்கொண்டிருந்தாலே இந்தச் சத்தம் வரும். முதலில் கேபிள்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். முனையில் ஒரு ஊசி தடிமன், இன்னொன்று மெல்லியது; துளை பார்த்துச் செருக வேண்டும். அதிர்வு வலப்பக்கம் போனால் கோளாறு கேபிளிலோ ஆம்பிலோ. இடத்திலேயே நின்றால் டிரைவர் பக்கம்.

பேடைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கறுப்புப் பஞ்சு வட்டையும் எடுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் வலைக்குள் நுழைந்த முடி தெரியும். பிளாஸ்டிக் ட்வீசரால் மெல்ல இழுங்கள். இரும்பு ட்வீசர் வேண்டாம், காந்தம் அதைச் சட்டென்று இழுத்து டயாபிரத்தில் குத்திவிடும். வாயால் ஊதுவதோ வேக்குவம் வைப்பதோ கூடாது. படலம் மடங்கினால் திரும்பாது. எல்லாவற்றையும் மாட்டிய பின் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனைச் சுருதியை (ஸ்வீப்) குறைந்த சத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். முடி ஒன்றும் இல்லாமல் அதே அதிர்வு நீடித்தால் அந்தப் பக்க டிரைவரை மாற்றத்தான் வேண்டும்.