சர்வலைக் குட்டியிலிருந்தே வளர்த்தால் வீட்டுப் பூனை ஆகிவிடுமா?

ஆகாது. சர்வல் என்பது ஆப்பிரிக்காவில் வாழும், நீண்ட கால்களும் பெரிய காதுகளும் கொண்ட ஒரு காட்டுப் பூனை இனம். ஒரு குட்டி நம்மிடம் பழகுவது வேறு, இனமே வீட்டு விலங்காக மாறுவது வேறு. வீட்டுப் பூனையின் முன்னோர் மனிதரோடு வாழத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. புட்டிப்பால் கொடுத்து அந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியாது. நீச்சல் தெரிந்தவரின் பிள்ளை நீச்சலோடு பிறப்பதில்லை அல்லவா, அப்படித்தான் ஒரு சர்வல் பழகிய பழக்கமும் அதன் குட்டிக்குப் போகாது.

வளர்ந்ததும் சோபா, திரைச்சீலை என்று பார்க்காமல் சிறுநீரைப் பீய்ச்சி எல்லை குறிக்கும். திட்டினாலும் நிற்காது. புல்லுக்குள் எலி நகரும் சத்தத்தைக் கேட்டே பாயும் காது அதற்கு. மூடிய அறைக்குள் பாவம், என்ன செய்யும்?

நகத்தை எடுத்துவிட்டால் சாதுவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது விரல் நுனி எலும்பையே வெட்டும் அறுவை சிகிச்சை. பல்லும் வேட்டைக் குணமும் அப்படியேதான் இருக்கும்.