கோல் போடாமலே பெயர் வாங்கிய டினார்

கேள்வி: தடுப்பாட்டத்தை மட்டுமே நம்பிப் பெரிய ஆளாகி, பிறகு பயிற்சியாளராகவும் ஜெயித்த விளையாட்டு வீரர் யாராவது உண்டா?

உண்டு. டிடியே டினார். விளையாட்டு, ஹேண்ட்பால், கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம். (கைப்பந்து என்று எழுதினால் நம்மூரில் வாலிபால் என்று எடுத்துக்கொள்வார்கள்.)

நான் காரைக்கால்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேன் பியேரில் இருக்கிறேன். ஹேண்ட்பால் வீரர் ஜாக்சன் ரிச்சர்ட்சன் பிறந்த ஊர். 1995-லும் 2001-லும் உலகக் கோப்பை ஜெயித்த பிரான்ஸ் அணியில் இருந்தவர். ஐந்து பேரைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் முன்னேறிப்போய், எதிரணியின் பாஸைக் குறுக்கே பாய்ந்து பிடுங்குவார். இங்கே பந்தைத் தொடும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் கனவு. என் மகனுக்கும்தான்.

ஆனால் பயிற்சியாளர் அவனைத் தடுப்பில் நட்டநடுவே நிறுத்திவிட்டார். "எட்டு மேட்ச் ஆடிட்டேம்மா, ஒரு கோல்கூட இல்ல" என்று ஒருநாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அப்போதுதான் அந்தப் பயிற்சியாளர் டினாரின் வீடியோக்களைப் பார்க்கச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன்.

டினார், கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் 1977-இல் பிறந்தவர். கோலுக்கு முன்னால் 6 மீட்டர் கோட்டை ஒட்டி ஆறு பேர் சுவர்போல நிற்கும்போது நடுவில் நிற்பவர். அடி, இடி எல்லாம் அங்கேதான் விழும். பந்து தன் அணிக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் வெளியே ஓடிவிடுவார், தாக்குவதற்கு இன்னொருவர் உள்ளே வருவார். ஹேண்ட்பாலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். அதனால் கோல் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் 2008, 2012 ஒலிம்பிக் தங்கம், மூன்று உலகக் கோப்பை, மோன்பெல்லியே, சியுதாத் ரியால் கிளப்புகளோடு நான்கு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை) என்று எல்லா வெற்றியிலும் அவர் இருக்கிறார்.

அவர் கையைக் கவனியுங்கள். எறிய வருபவனின் எறியும் கைமேல் ஒரு கை, எதிர்ப்பக்க இடுப்பில் இன்னொரு கை. இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. கை போவதற்கு முன்பே கால் போய்ச் சேர்ந்திருக்கும். கால் பிந்தினால் கை இழுக்கும், இழுத்தால் 2 நிமிடம் வெளியே, மூன்றாவது தடவை ஆட்டத்தை விட்டே வெளியே.

இன்னொன்று, நடுவில் நிற்பவன் வாயை மூடக் கூடாது. யார் யாரைப் பிடிக்க வேண்டும், எப்போது கைமாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியாளர் வேலையில் பாதியை டினார் மைதானத்துக்குள்ளேயே பழகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆடுவதை நிறுத்தியதும் 2013-இல் பிரான்ஸ் அணியில் தலைமைப் பயிற்சியாளர் குளோத் ஒனெஸ்தாவுக்கு உதவியாளர் ஆனார். 2016-இல் தலைமைப் பொறுப்பு. 2017 ஜனவரியில் பாரிஸில் நார்வேயை 33-26 என்று வீழ்த்தி உலகக் கோப்பை. அந்த அணியில் எங்கள் தீவின் தலைநகர் சேன் தெனியில் பிறந்த டானியேல் நார்சிஸும் இருந்தார். இங்கே ராத்திரி நேரம், அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை.

2018 ஐரோப்பியப் போட்டியிலும் 2019 உலகக் கோப்பையிலும் வெண்கலம். 2020 ஐரோப்பியப் போட்டியில் போர்ச்சுகலிடமும் நார்வேயிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள். அந்த மாதமே அவரை நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்த கியோம் ஜில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கித் தந்தார், அதை மறைக்க முடியாது. ஆனாலும் அப்பேர்ப்பட்ட மனிதரை அப்படி அனுப்பியது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் சோர்ந்து உட்காரவில்லை, சவூதி அரேபிய அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார்.

போன சனிக்கிழமை மகன் முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்தான். தேங்காய் எண்ணெய் தடவும்போது சொன்னான்: "அம்மா, அவங்க டீம்ல பத்தாம் நம்பர் இருக்கான்ல, போன தடவை ஏழு கோல் போட்டவன். இன்னைக்கு ஒண்ணுதான்."