‘எல்லாம் சேர்த்து’ வாடகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை வேளச்சேரியில் ஒரு படுக்கையறை வீடு. கரண்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து 19,000 என்கிறார் ஓனர். அடுத்த தெருவில் அதே அளவு வீடு 16,000. மெயின்டனன்ஸ் 1,500, ஈபி தனி. எது லாபம்?

ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கணக்கையும் அப்படியே போடுவோம். இரண்டு மாதத்துக்கு வித்தியாசம் 6,000. மெயின்டனன்ஸ் 3,000 போனால் மீதி 3,000. அதுதான் நீங்கள் கரண்டுக்காகக் கொடுக்கும் விலை.

2024 ஜூலை கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 ஆகிவிட்டால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாயா என்று கேட்காதீர்கள். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விலை பறிபோகும். 600 யூனிட்டுக்கு 2,880. ஆக, வருடம் முழுக்க 600-ஐ நன்றாகத் தாண்டி ஓடுகிற வீடென்றால் 19,000 லாபம். வேலைக்குப் போய்விட்டு இரவில் மட்டும் ஏசி போடுகிறவருக்கு அடுத்த தெருதான் சரி.

லாபம் என்று முடிவு செய்தாலும், எத்தனை யூனிட் வரை என்பதை அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மே மாத பில்லைப் பார்த்ததும் பேச்சு மாறிய ஓனர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடி போர்ஷன், சப் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் கீழ்வீட்டு ஓனர். அநியாயம்தானே?

கேட்டவுடன் அப்படித்தான் தோன்றும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று வைத்தால் நீங்கள் தருவது 1,800. உங்கள் பேரில் தனி இணைப்பு இருந்தால், அதே 2024 கட்டணப்படி 235 ரூபாயோடு முடிந்திருக்கும்.

ஆனால் ஓனர் பக்கமும் பார்க்க வேண்டும். அவர் 400 யூனிட் ஓட்டுகிறார் என்றால் அவருக்குத் தனியாக வந்திருக்கும் பில் 1,175. உங்கள் 200 சேர்ந்ததும் அது 2,880. உங்களால் கூடியது 1,705. அவர் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருப்பதுதான் வில்லங்கம். மொத்த பில்லை யூனிட் விகிதப்படி பிரித்தால் உங்கள் பங்கு 960. அதைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் அதிர்ஷ்டம். அடுத்த வீடு பார்க்கும்போது ஹாலையும் பால்கனியையும் பார்ப்பதற்கு முன், இந்த வீட்டுக்குத் தனி ஈபி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர் வாடகையில் சேர்ந்தது என்றார்கள். இப்போது கோடை என்று லாரிக்குத் தனியாகக் கேட்கிறார்கள்.

அக்ரிமென்ட்டில் ‘தண்ணீர்’ என்று மட்டும் இருந்தால் எந்தத் தண்ணீர் என்ற சண்டை வரும். மெட்ரோ தண்ணீரா, போரா, லாரியா, மூன்றையும் எழுத வேண்டும். 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ குடும்பங்கள் தகராறு செய்தன. வீடு பார்க்கப் போகும்போது ஓனரை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் கேளுங்கள்: மே மாதம் வாரத்துக்கு எத்தனை லாரி வரும்?

வாடகை பத்து நாள் தாமதம். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார்.

கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, மின்சாரம், தண்ணீர் போன்ற அவசியத் தேவைகளை வீட்டு உரிமையாளர் நிறுத்த முடியாது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. உங்கள் பகுதி வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்; விசாரணை முடியும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிடலாம். அக்ரிமென்ட் பதிவு செய்திருந்தால் வேலை சுலபம்.

‘எல்லாம் சேர்த்து’ வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் என்கிறது அதே சட்டம். அந்த ‘இல்லாவிட்டால்’தான் ஓட்டை, கையெழுத்துப் போட்டால் ஆறும் செல்லும். இன்னொன்றைக் கவனித்தீர்களா? முதல் கேள்வியில் வந்த வீட்டையே எடுத்தால், 19,000-க்கு ஆறு மாதம் 1,14,000, 16,000-க்கு 96,000. நீங்கள் இன்னும் எரிக்காத பல்புக்கும் சேர்த்து 18,000 ரூபாயை ஓனரிடம் வட்டியில்லாமல் விட்டுவைக்கிறீர்கள். வருடாவருடம் கூட்டும் 5 சதவீதமும் மொத்தத் தொகையில்தான் ஏறும். வெறும் வாடகை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லிவிட்டு, அட்வான்ஸை வெறும் வாடகைக்கு மட்டும் பேசுங்கள்.