79 லேயர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷனில் எடுத்து வரும் புள்ளிகளை கேடில் (கணினி வரைவு மென்பொருள்) ஏற்றி வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். அண்மையில் ஒரு நிலத்துக்குச் சுமார் 1,400 புள்ளிகள் வந்தன. களத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு லேயர் (தனியாகக் காட்டவும் மறைக்கவும் கூடிய அடுக்கு) என்று பிரித்ததில் 79 லேயர்கள் ஆகிவிட்டன. வடிவமைப்பாளர் இரண்டு குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மட்டம் (உயரம்) எழுதிய எண்களை மட்டும் மறைக்க வழியில்லையாம். கட்டடத்தைச் சுற்றிக் கான்டூர் (சம உயரக் கோடு) தப்பாக ஓடுகிறதாம். லேயரைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா? இதற்கென்று ஏதாவது முறை உண்டா?

கே.

அன்புள்ள கே.,

சில இடங்களில் குறைக்க வேண்டும், சில இடங்களில் கூட்ட வேண்டும். புள்ளி எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள். வரைபடத்தை வாங்குபவர் அதை வைத்து என்ன செய்வார் என்பது உங்கள் பிரிப்பில் வரவில்லை.

லேயரை ஒரு சுவிட்ச் போர்டாக நினைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தனியாக அணைக்கத் தேவை வருமா, வேறு தடிமனில் அச்சிட வேண்டியிருக்குமா, தனியாகப் பொறுக்கி வேறு வேலைக்குக் கொடுப்பார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் தனி லேயர் வேண்டாம். மரத்துக்கு இனவாரியாக ஆறு குறியீடுகள் இருந்தாலும் லேயர் ஒன்று போதும். இனம் எழுத்தில் இருக்கட்டும். ஆனால் அந்த மரத்தின் சின்னம் ஒரு லேயர், அதன் பக்கத்தில் எழுதும் விவரம் இன்னொரு லேயர். புள்ளி எண், மட்டம், விவரம் மூன்றும் ஒரே லேயரில் கிடந்தால் மட்டத்தை மட்டும் எப்படி மறைப்பது? முதல் குறை அங்கேதான். பொருள்வாரியாகச் சுருக்கி, சின்னம், கோடு, எழுத்து என்று உருவவாரியாகப் பிரித்தால் இந்த அளவு நிலத்துக்கு 30, 35க்குள் அடங்கிவிடும்.

பெயரைப் பெரிதிலிருந்து சிறிதுக்கு வையுங்கள்: சர்வே-சாலை-விளிம்பு, சர்வே-சாலை-எழுத்து, சர்வே-மரம்-சின்னம், சர்வே-மரம்-எழுத்து. அகரவரிசையில் இனம் இனமாகச் சேர்ந்து நிற்கும். ‘எழுத்து’ என்று முடிவதையெல்லாம் ஒரு ஃபில்டரில் பிடித்து ஒரே தட்டில் மறைக்கலாம். லேயர் பெயரிடுதலுக்கு ஐஎஸ்ஓ 13567 என்ற தரமும் இருக்கிறது, அமெரிக்க தேசிய கேட் தரமும் இருக்கிறது. பின்னதில் சர்வேக்கு உரிய முதல் எழுத்து ‘வி’. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் உங்களுடையது ஒன்று, எப்போதும் மாறாமல்.

இந்தப் பிரிப்பைக் கைமுறையாகச் செய்யக் கூடாது. களத்துக் குறியீடு எந்த லேயருக்கு, எந்தச் சின்னத்தோடு போக வேண்டும் என்று ஒரு விதிப்பட்டியல் எழுதி, இறக்கும்போதே அது பிரிக்கட்டும். (களத்துக் ‘கோடு’ம் (code) வரையும் கோடும் தமிழில் ஒன்றாக ஒலிப்பதால் இங்கே குறியீடு என்றே சொல்கிறேன்.) ஒரு வரியைப் பாருங்கள்:

214,2417.906,1052.318,31.442,டிஆர் 0.45 8

புள்ளி எண், வடக்கு, கிழக்கு, மட்டம், விவரம். டிஆர் என்றால் மரம், தண்டு விட்டம் 0.45 மீட்டர், கிளைப்பரப்பு 8 மீட்டர். சின்னத்தை 1 மீட்டர் விட்ட வட்டமாக வரைந்து வைத்து, கடைசி எண்ணை அளவுப் பெருக்கியாகக் கொடுத்தால் வட்டம் தானாக 8 மீட்டருக்கு விரியும்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் நட்சத்திரக் குறி, அதாவது ‘பின்னால் எது வந்தாலும் சேர்’ என்று சொல்லும் *. சாலை விளிம்புக்கு ஈபி, மின்கம்பத்துக்கு ஈபிஎல் என்று வைத்துக்கொள்வோம். எண் சேர்ந்த ஈபி1, ஈபி2 எல்லாம் வரட்டும் என்று விதியில் ஈபி* போட்டால், கம்பங்களும் சாலை விளிம்பில் போய் விழும். ஒன்றின் தொடக்கம் இன்னொன்றின் முழுப்பெயராக இல்லாதபடி குறியீடுகளை முதலிலேயே தேர்ந்துவிடுங்கள். எந்த விதிக்கும் சிக்காத புள்ளிகளுக்கு ‘சர்வே-தெரியாதது’ என்று ஒரு லேயர், கண்ணைக் குத்தும் நிறத்தில். களத்தில் தட்டச்சுப் பிழை நிச்சயம் வரும், அது இங்கே வந்து மாட்டும். அவை எல்லாக் கோப்பிலும் இயல்பாகவே இருக்கும் லேயர் 0வில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

வடக்கும் கிழக்கும் இடம் மாறி இறங்கினால் வரைபடம் முழுக்கக் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். இரண்டு புள்ளிக்கு இடையே தூரம் அளந்து பார்த்தால் சரியாகவே காட்டும், அதனால் பலர் ஏமாந்துபோகிறார்கள். தெரிந்த மூன்று புள்ளிகளை எடுத்து, அவை கடிகாரச் சுற்றில் வருகின்றனவா, எதிர்ச்சுற்றிலா என்று பாருங்கள்.

இப்போது கான்டூர். கட்டட மூலையைப் பிரிசம் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) இல்லாமல் சுவரிலேயே அடித்திருப்பார்கள், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துத் தரையின் வடிவத்தை உருவாக்கும் மேற்பரப்புக் கணக்கில் அந்தப் புள்ளி சேர்ந்தால், 0.5 மீட்டர் இடைவெளிக் கான்டூரில் மூலையைச் சுற்றி மூன்று வளையங்கள் விழும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மேன்ஹோலின் அடிமட்டம், மேலே போகும் கம்பி, மட்டம் 0 என்று பதிவான புள்ளி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அந்த லேயரை அணைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைக்காதீர்கள். மேற்பரப்பு ஒரு புள்ளிக் குழுவிலிருந்து (கணக்குக்கெனத் தேர்ந்த புள்ளிகளின் தொகுப்பு) உருவாகியிருந்தால், லேயர் அணைந்தாலும் புள்ளி கணக்கில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் விதிப்பட்டியலில் இன்னொரு நெடுவரிசை சேருங்கள்: தரை, தரையல்ல. தரையல்லாதது புள்ளிக் குழுவிலேயே நுழையக் கூடாது. உங்கள் மென்பொருளில் புள்ளிக் குழு இல்லை, லேயரை வைத்துத்தான் பொறுக்க வேண்டும் என்றால், அப்போது மட்டும் இந்தப் பிரிவை லேயர் பெயரிலேயே காட்டுங்கள்.

தரையிலும் சாலை விளிம்பு, கரையின் உச்சி, அடி, ஓடையின் அடி ஆகியவை பிரேக்லைனாக (முக்கோணங்கள் குறுக்கே தாண்டாதபடி தடுக்கும் கோடு) போக வேண்டும். இல்லாவிட்டால் முக்கோணங்கள் ஓடையைத் தாண்டிக் கரைக்குக் கரை பாலம் கட்டிவிடும். கெர்பின் (சாலையோரக் கல்விளிம்பு) மேலும் கீழும் பிளானில் ஒரே இடத்தில் இருந்தால் முக்கோண மேற்பரப்பு ஒரு மட்டத்தை மட்டுமே ஏற்கும். கீழ்க்கோட்டைச் சாலைப் பக்கம் 1 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். வெவ்வேறு மட்டத்தில் இரண்டு பிரேக்லைன் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

பிரேக்லைன் முப்பரிமாண பாலிலைன் (பல முனைகள் கொண்ட தொடர்கோடு). ஆட்டோகேட் மென்பொருளில் அதற்குப் புள்ளிக்கோடு, விட்டுவிட்ட கோடு எதுவும் காட்டாது. எனவே அதைத் தனி லேயரில் வைத்து, அந்த லேயரை உறையவைத்து (ஃப்ரீஸ்) மறைத்துவிட்டு, அச்சுக்கு இருபரிமாண நகல் வையுங்கள். அந்த நகலும் நெருக்கமான முனைகளால் முழுக்கோடாகத் தெரிந்தால் பிலைன்ஜென் என்ற அமைப்பை 1 ஆக்கி, ஏற்கெனவே வரைந்த கோடுகளுக்குப் பண்புப் பலகையில் லைன்டைப் ஜெனரேஷனை இயக்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. நிறம், கோட்டு வகை, தடிமன் மூன்றும் பைலேயர், அதாவது லேயரில் வைத்ததையே எடுத்துக்கொள்ளும்படி. சின்னத்துக்கான பிளாக்கை (திரும்பத் திரும்பச் செருகும் உருவம்) லேயர் 0வில் வரைந்தால் செருகும் லேயரின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். வரைபடம் மீட்டரிலும் பிளாக் மில்லிமீட்டரிலும் இருந்து, யூனிட் குறிப்பிடாமல் விட்டிருந்தால் மரம் 1,000 மடங்காக வந்து நிற்கும். மென்பொருள் தானாக உருவாக்கும் டெஃப்பாயிண்ட்ஸ் லேயரில் எதையும் போடாதீர்கள், அச்சில் வராது.

கையிலிருக்கும் 79 லேயர் கோப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. லேட்ரான்ஸ் கட்டளையில் பழைய பெயருக்கு நேரே புதுப் பெயரைப் பொருத்தி, அந்தப் பொருத்தத்தைச் சேமித்துவையுங்கள், அடுத்த கோப்புக்கும் உதவும். இரண்டொரு லேயரை மட்டும் சேர்க்க லேமெர்ஜ் (LAYMRG) கட்டளை போதும். லேடெல் கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், லேயரோடு அதிலிருக்கும் பொருள்களையும் அழித்துவிடும். கலந்து கிடக்கும் எழுத்துகளை எந்தப் பெயர்மாற்றமும் பிரித்துத் தராது. அதற்கு மட்டும் புதிய விதிப்பட்டியலோடு புள்ளிக் கோப்பை மறுபடி இறக்கத்தான் வேண்டும். அனுப்பும் முன் லேவாக் கட்டளையில் ஒவ்வொரு லேயராகத் தட்டிப் பாருங்கள். ‘சர்வே-தெரியாதது’ காலியாக இருக்க வேண்டும்.