ஸ்கேன் பார்க்கும் பேராசிரியர் ஏன் மருத்துவக் கல்வியை ஆராய்கிறார்?

கோலாலம்பூரில் பயிற்சி மருத்துவராக இருக்கும் உங்கள் மகளின் பேராசிரியர், கதிரியக்க நிபுணராக இருந்தும் மருத்துவக் கல்வியை ஆராய்கிறாரே, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிக நெருங்கிய தொடர்பு. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைக் கண்டறிவது பழகிப் பழகிக் கைவரும் வித்தை; அதை எப்படிக் கற்பிப்பது என்பது மருத்துவக் கல்வியின் கேள்வி. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேனைக் கொடுத்துக் கட்டியைத் தேடச் சொன்னார்கள். அதற்குள் ஒரு கொரில்லா உருவத்தையும் நுழைத்திருந்தார்கள். வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கண்கள் அந்த இடத்திலேயே பதிந்திருந்தன!

அப்படியென்றால் மாணவரின் கண்ணை எப்படிப் பழக்குவது? நானும் இதையே கற்பிக்கிறேன். நெஞ்சு எக்ஸ்ரேயைத் திரையில் போட்டதும் மாணவரின் விரல் நேரே இதயத்துக்குப் போகும். கழுத்தெலும்புக்குப் பின்னால், நுரையீரல் உச்சியில் கிடக்கும் மெல்லிய நிழல் தப்பிவிடும். நான் வாய் திறக்காமல் காத்திருப்பேன்.

இளம் மருத்துவர்கள் எந்தத் துறையைத் தேர்கிறார்கள் என்பதும் மருத்துவக் கல்வி ஆய்வின் இன்னொரு கிளை. படம் பார்க்கும் வேலையைக் கணினியே செய்துவிடும், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று 2016இல் செயற்கை நுண்ணறிவு அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு முதுகலைப் பயிற்சியில் சேர நினைக்கும் இளையவருக்கு அத்தகைய பேச்சு கலக்கம் தரும். மகள் முடிவெடுக்குமுன் படம் வாசிக்கும் இருட்டறையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும்.